தினசரி அழைப்புகளுக்கு ஒயர்லெஸ் ஹெட்செட்: நான் சொல்லும் ஏழு எதிர்முனையில் எட்டாகிறது

தோட்டப்பாளையத்தான்:
அனைவருக்கும் வணக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் தங்கும் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். பன்னிரண்டு அறைகள்தான். ஆனால் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழைப்பு இரவு பதினொன்றுக்கும் ஓயாது. ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் பதிவேடு. ஆகவே ஆறு மாதங்களுக்கு முன்பு, காதுக்குள் செருகிக்கொள்ளும் ஒயர்லெஸ் இயர்பட்ஸ் ஒன்று வாங்கினேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. அழைப்பவர் பேசுவதும் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.

சிக்கல் எதிர்முனையில். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற மாதம் குவாஹாட்டியில் இருந்து அழைத்த குடும்பத்துக்கு, ‘சாத் தாரீக்’ அறை காலியாக இருக்கும் என்று இந்தியில் சொன்னேன். அவர்கள் ‘ஆட் தாரீக்’ என்று கேட்டுக்கொண்டு எட்டாம் தேதி காலையில் காட்பாடியில் இறங்கி நேராக வந்துவிட்டார்கள். ஏழாம் தேதி முழுவதும் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்த அறையை இரவில்தான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தேன். நோயாளியான பெரியவர் என் விடுதி வராந்தாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பேச்சுக்கென்றே நல்ல ஹெட்செட் வேண்டும். பாட்டு எப்படி இருந்தாலும் கவலையில்லை. என்னிடம் இரண்டு போன்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

வாலாஜா பைக்:
அண்ணா, இரைச்சல் நீக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏஎன்சி என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு ராணிப்பேட்டை வரை பைக்கில் பேசிக்கொண்டே போகிறேன். லாரி சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை.

காட்பாடி ஆசிரியர்:
தம்பி, நீங்கள் சொல்லும் வசதி உங்கள் காதுக்கானது. வெளிச்சத்தத்துக்கு எதிரான அலையை உருவாக்கி உங்கள் காதில் விழும் இரைச்சலைக் குறைக்கிறது. உங்கள் குரலோடு எதிர்முனைக்குப் போகும் இரைச்சலை அது தொடுவதே இல்லை. அதைக் குறைப்பது மைக் பக்கத்தில் நடக்கும் வேறு வேலை. பெட்டியில் ஈஎன்சி என்று எழுதுவார்கள். தோட்டப்பாளையத்தாருக்கு வேண்டியது இரண்டாவது. ஒற்றை எழுத்து வித்தியாசத்தில் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. லாரி சத்தம் கேட்பதே இல்லை என்று தேசிய நெடுஞ்சாலையில் பைக் ஓட்டும் ஒருவர் எழுதுவதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. வண்டி ஓட்டும்போது தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

இனி ஏழு எட்டானது எப்படி என்று பார்ப்போம். நான் மின்னணுவியல் கற்பிப்பவன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறு வழி. பாட்டு ஒரே திசையில் போகிறது, அதனால் தாராளமாக இடம் கிடைக்கிறது. அழைப்பு என்றதும் மைக் திறந்தாக வேண்டும், இரு திசையிலும் குரல் போக வேண்டும், தாமதமும் கூடாது. அதற்கான பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பினால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே போகாது. பழைய தொலைபேசியின் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைதான் ஏறக்குறைய இதுவும். ‘ஆ’ என்ற உயிரொலிக்கு அந்த இடம் போதும். ‘ஸ’ என்ற ஒலியின் வலுவெல்லாம் பெரும்பாலும் 4,000க்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே ‘சாத்’ தலையை இழந்து ‘ஆத்’ ஆகிவிடுகிறது. கேட்பவர் மனம் அதை ‘ஆட்’ என்று முடித்துக்கொள்கிறது.

புளூடூத் அழைப்புக்கான விதித்தொகுப்பின் 1.6ஆம் பதிப்பு 2011இல் வந்தபோது அகன்ற அலைவரிசைக் குரல் சேர்ந்தது. அதில் குரலை அளப்பது நொடிக்கு 16,000 முறை. அகன்ற அலைவரிசை என்றோ எச்டி வாய்ஸ் என்றோ போட்டிருக்கும் ஹெட்செட்டைப் பாருங்கள். பாட்டைச் சுருக்கி அனுப்பும் உயர்தரக் குறிமுறைகளின் (கோடெக்) பெயர்களைப் பெட்டி நிறைய அச்சடித்திருப்பார்கள். அழைப்பு வந்த கணமே அவையெல்லாம் ஒதுங்கிவிடும்.

தோட்டப்பாளையத்தான்:
ஆசிரியர் ஐயாவுக்கு மிக்க நன்றி. ஆனால் என்னுடைய பெட்டியில் எச்டி வாய்ஸும் போட்டிருக்கிறது, ஈஎன்சியும் போட்டிருக்கிறதே! பிறகு ஏன்?

காட்பாடி ஆசிரியர்:
அப்படியானால் சந்தேகம் அந்த ஈஎன்சி மேலேயே விழுகிறது. ‘ஸ்ஸ்’ என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள். காற்று உரசும் சத்தத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? மின்விசிறி இரைச்சலை வெட்டும் மென்பொருள், சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஸ’வையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். மைக் வாயில் இருந்து தூரத்தில் இருக்கும்போது குரல் மெலிகிறது, இரைச்சல் மெலிவதில்லை. அப்போது மென்பொருள் இன்னும் கடுமையாக வெட்டுகிறது. உங்கள் இயர்பட்ஸின் மைக் காதருகே இருக்கிறது. வாய்க்கும் அதற்கும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். வாய் வரை நீளும் தண்டு வைத்த மைக் 3 சென்டிமீட்டரில் இருக்கும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். நான்கில் ஒரு பங்கானால் 12 டெசிபல். எந்த மென்பொருளும் இந்த 12 டெசிபலை இலவசமாகத் தராது.

பழைய டெலிபோன், திருப்பத்தூர்:
நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெளியூர் அழைப்பை ஆபரேட்டரே இணைத்துக் கொடுத்த ட்ரங்க் கால் காலம். தண்டு மைக் என்று சார் சொன்னதும் பழைய நாள்கள் கண்முன் வந்துவிட்டன. எங்களுக்கு ஒரு காதில்தான் கேட்கும் கருவி. மறு காது திறந்தே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் தெரியவேண்டுமே. பேசும் குழல் உதட்டுக்கு எதிரில் நிற்கும். நாள் முழுவதும் எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். பக்கத்தில் எத்தனை பேர் பேசினாலும் எண் பிசகக் கூடாது.

தோட்டப்பாளையம் தம்பிக்கு ஒரு கேள்வி. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பேசும்போது நீங்கள் உரக்கப் பேசுகிறீர்களா?

தோட்டப்பாளையத்தான்:
ஆமாம் அம்மா. மனைவி தினமும் சொல்கிறாள், நோயாளிகள் தூங்கும் நேரத்தில் ஏன் கத்துகிறீர்கள் என்று. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய டெலிபோன், திருப்பத்தூர்:
பழைய ரிசீவரில் பேசுகிறவருடைய குரல் அவருடைய காதிலேயே மெல்லக் கேட்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். தன் குரல் தனக்குக் கேட்கும்போதுதான் மனிதர் அளவோடு பேசுவார். காதை அடைத்துவிட்டால் மண்டைக்குள் ஒரு முழக்கம் மட்டும்தான் கேட்கும், வெளியில் போகும் குரல் தெரியாது. அதனால் கத்துகிறோம். உங்களைப் போல ஆள்களோடும் போனோடும் மாறி மாறிப் பேசுகிறவர்களுக்கு ஒற்றைக் காது ஹெட்செட்தான் சரி.

காட்பாடி ஆசிரியர்:
அம்மா சொன்னது முற்றிலும் சரி. சில விலை உயர்ந்த ஹெட்செட்களில் இன்றும் அந்த ஏற்பாட்டை வைக்கிறார்கள். ஒற்றைக் காதில் அது தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஆம்பூர் தையல் பிரிவு:
நான் ஷூ கம்பெனியில் மேற்பார்வையாளன். எங்கள் கூடத்தில் நூற்றுக்கணக்கான தையல் எந்திரங்கள் ஓடும். கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். தொலைவதில்லை, கழற்றினால் கழுத்திலேயே தொங்கும், ஒரு முறை சார்ஜ் செய்தால் இரண்டு நாள் வரும். குறை ஒன்றே ஒன்று: மைக் கழுத்தருகே இருப்பதால் சட்டைக் காலர் உரசும் சத்தம் எதிர்முனைக்குப் பெரிதாகப் போகிறது. எந்திரச் சத்தத்தைக் கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள், அந்தக் கரகரப்பைப் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள். எண்ணிக்கை சொல்ல வேண்டிய அழைப்பு என்றால் வெளியே வந்து போனைக் கையில் எடுத்துத்தான் பேசுகிறேன். ஐநூறு ஜோடி ஐயாயிரம் ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

குடியாத்தம் தறிவீடு:
நான் வீட்டில் இருந்தபடி வாடிக்கையாளர் சேவை வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டில் லுங்கித் தறி. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

மின்விசிறி போல ஒரே சீராக வரும் சத்தத்தை எல்லா ஹெட்செட்டும் ஓரளவு நீக்கிவிடுகின்றன. தறி ‘தடக் தடக்’ என்று விட்டு விட்டு அடிக்கிறதே, அதை நீக்குவதுதான் கடினம். அதைவிடக் கடினம் இன்னொருவர் பேச்சு. கருவிக்கு என் குரலும் என் மாமியார் குரலும் ஒன்றுதானே. கடையில் ஏசி போட்ட அமைதியில் சோதித்துக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் வராந்தாவில், ஆட்டோ ஹாரன் அடிக்கும் நேரத்தில் சோதியுங்கள்.

மடிக்கணினியில் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஹெட்செட் சில கணினிகளில் இரண்டு பெயராகத் தெரியும், ஒன்று ஸ்டீரியோ, மற்றொன்று ஹேண்ட்ஸ் ஃப்ரீ. கூட்டத்தில் பேசத் தொடங்கியதும் ஒலி திடீரென்று மட்டமாகிவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மைக் திறந்ததால் பாட்டு வழியை விட்டு அழைப்பு வழிக்கு மாறியிருக்கிறது, ஆசிரியர் சொன்ன அதே காரணம். நான் இதைத் தெரியாமல் ஒரு நல்ல ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மைக்கை அடைக்கும் பொத்தான் தனியாக, விரலால் தடவினாலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தொடுதிரை போல வழவழப்பாக இருக்கும் இயர்பட்ஸில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாலே அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

வாலாஜா பைக்:
ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாளாக வண்டியில் காதில் எதுவும் மாட்டவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கையில் போனைப் பிடித்துப் பேசுவதுதானே குற்றம்?

காட்பாடி ஆசிரியர்:
மகிழ்ச்சி தம்பி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடிக்கும் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் கை காலியாக இருந்தாலும் கவனம் அழைப்பில்தானே இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் போனால் சட்டப் பிரிவு வந்து காப்பாற்றாது. வண்டியை ஓரம் கட்டிப் பேசுங்கள். எதிர்முனைக்கும் அது நல்லது, ஓடும் வண்டியில் மைக்கில் மோதும் காற்றை இன்றைய கருவிகளாலும் முழுமையாக நீக்க முடிவதில்லை.

சத்துவாச்சாரி சர்வீஸ்:
பழுது பார்ப்பவன் பக்கத்தில் இருந்து சில விஷயங்கள். குரல் சரியாகப் போகவில்லை என்று என் கடைக்கு வருகிற ஹெட்செட்களில் பாதிக்கு மேல் மைக் பழுதாவதே இல்லை. மைக் துளையில் வியர்வையும் முகப்பவுடரும் சேர்ந்து கெட்டியாகி அடைத்திருக்கும். மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். ஊசியை உள்ளே விடாதீர்கள், மைக் கிழிந்துவிடும். ஒரு காதில் மட்டும் சத்தம் குறைவு என்றால் காதுக் குரும்பி வலையை மூடியிருக்கும்.

அடுத்து வெயில். நம் வேலூர் கத்திரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் அதைவிட அதிகம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது. மதியம் பெட்டியில் கிடந்ததை எடுத்து உடனே சார்ஜில் போடுகிறார்கள், ஒரே கோடையில் பேட்டரி பாதியாகிவிடுகிறது. காது இயர்பட்ஸில் பேட்டரி பொட்டு அளவு. பிரித்து மாற்றுவது பெரும்பாலும் வீண் முயற்சி. நெக்பேண்டிலும் தண்டு மைக் ஹெட்செட்டிலும் கொஞ்சம் பெரிய பேட்டரி இருப்பதால் பலவற்றில் மாற்ற முடிகிறது.

பெட்டியில் ‘40 மணி நேரம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது உறையில் உள்ள சார்ஜையும் சேர்த்துச் சொன்ன பாட்டு நேரம். பேச்சு நேரம் தனியாக, சிறிய எழுத்தில் இருக்கும். அதைத்தான் தோட்டப்பாளையத்தார் பார்க்க வேண்டும். வியர்வைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், அது தெளிக்கும் நீரைத் தாங்கும் அளவு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் அதன் கீழே பதிவு எண்ணும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நடைபாதையில் வாங்கும் 300 ரூபாய்ச் சரக்கில் அது இருக்காது, பேட்டரி உப்பிக்கொண்டு என்னிடம் வரும்.

இரண்டு போன் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டோடும் இணைந்திருக்கும் வசதிக்கு மல்டிபாயிண்ட் என்று பெயர். வாங்கும் முன் கடையிலேயே இரண்டு போனையும் இணைத்து, ஒன்றில் பேசும்போது மற்றதற்கு அழைக்கச் சொல்லிப் பாருங்கள். சில கருவிகள் முதல் அழைப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவிவிடும்.

ஆம்பூர் தையல் பிரிவு:
ஒயர் வைத்த இயர்போனைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? போனோடு வந்த பழைய ஒயர் இயர்போனில் என் குரல் எல்லாவற்றையும் விடத் தெளிவு என்கிறார் என் தம்பி.

காட்பாடி ஆசிரியர்:
உங்கள் தம்பி சொல்வது உண்மை. ஒயரில் புளூடூத் என்ற இடைவழியே இல்லை, அதற்காகக் குரலைச் சுருக்கவும் வெட்டவும் வேண்டியதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். தோட்டப்பாளையத்தார் மாடிப்படி ஏறி இறங்குகிறவர். சாவிக்கொத்தில் ஒயர் மாட்டினால் போனும் சேர்ந்து கீழே விழும்.

போனை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடலில் உள்ள நீர் நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது. இடது காதில் ஹெட்செட், வலது பின்பையில் போன் என்றால் அலை உடலைச் சுற்றித்தான் வர வேண்டும். குரல் விட்டு விட்டுப் போகும். சட்டைப் பையில் வைத்தால் சரியாகிவிடும்.

இப்போது ஒரு சோதனை. கேட்கும் ஒலியை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். நண்பர் ஒருவரைத் தாளும் பேனாவுமாக வேறு ஊரில் உட்கார வையுங்கள். ‘சாத்’, ‘ஆட்’ இரண்டையும் வரிசை மாற்றி மாற்றி ஐம்பது முறை சொல்லுங்கள். காதில் விழுவதை அவர் எழுதட்டும். ஊகிக்க முடியாதபடி வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் அறையில் ஒரு முறை, தெருப்பக்க வராந்தாவில் ஒரு முறை. அதே வரிசையைப் போனைக் கையில் பிடித்தும் சொல்லுங்கள். கையில் பிடித்தாலும் தவறு வந்தால் குறை ஹெட்செட்டில் இல்லை, தொடர்பில்.

தோட்டப்பாளையத்தான்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சர்வீஸ் நண்பர் கடையில் இருந்து ஒரு நெக்பேண்டும், லாரி ஓட்டுநர்கள் மாட்டுவது போன்ற ஒற்றைக் காது தண்டு மைக் ஹெட்செட்டும் இரவல் கிடைத்தன. சென்னையில் இருக்கும் என் மைத்துனர் இரண்டு மாலை வேளைகள் பொறுமையாக உட்கார்ந்து எழுதினார்.

அறைக்குள் மூன்றுமே ஏறக்குறைய தேறிவிட்டன. வராந்தாவில்தான் வேடம் கலைந்தது. என் பழைய இயர்பட்ஸில் ஐம்பதில் பதினாறு தவறு, அவற்றில் பதினான்கு ‘சாத்’ என்று சொன்னது ‘ஆட்’ ஆனது. நெக்பேண்டில் ஏழு தவறு. தண்டு மைக்கில் ஒன்று. போனைக் கையில் பிடித்தபோதும் ஒன்று.

அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதினான்கு ஏழும் எட்டாக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோது குவாஹாட்டிப் பெரியவர் நினைவுதான் வந்தது. ஆறு மாதமாக எத்தனை பேருக்கு எத்தனை தேதி தவறாகப் போயிருக்கும்! என் காதுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து எல்லாம் சரி என்று நம்பியிருந்தேன்.

தண்டு மைக் ஹெட்செட்டையே 2,300 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். பேச்சு நேரம் பெட்டியில் 17 மணி என்றிருக்கிறது. எனக்கு ஒரு முழு நாள் தாராளமாக வருகிறது. இரண்டு போனும் இணைகின்றன. சட்டைப் பையில்தான் போன். மனைவி சொல்கிறாள், இப்போது நான் கத்துவதில்லையாம். ஒரு குறை: காதுமேல் பஞ்சு அழுத்துவதால் மதியத்துக்குள் வியர்த்து நனைந்துவிடுகிறது. மணிக்கொரு முறை காது மாற்றி மாட்டுகிறேன்.

பழைய டெலிபோன், திருப்பத்தூர்:
மிக்க மகிழ்ச்சி தம்பி. அந்த ஒரு தவறு மிச்சம் இருக்கிறதல்லவா, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். தேதியை மட்டும் சொல்லாதீர்கள், கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்ல வையுங்கள். எண்ணைத் திருப்பிச் சொல்லக் கேட்காமல் நாங்கள் லைனை விட்டு விலகியதே இல்லை.

தோட்டப்பாளையத்தான்:
இன்று காலையில் இருந்தே தொடங்கிவிட்டேன் அம்மா. ‘சாத் தாரீக், சோம்வார்’ என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். ராஞ்சிக்காரர் ஒருவர் திருப்பிச் சொன்ன பிறகு, எழுதியும் கொண்டேன் என்றார்.

சர்வீஸ் நண்பரே, மைக் நுனியில் இருந்த கறுப்புப் பஞ்சு உறை படிக்கட்டில் எங்கோ விழுந்துவிட்டது. அது இல்லாமல் பேசினால் மூச்சுக் காற்று ‘புஸ்’ என்று போகிறதாம். தனியாகக் கிடைக்குமா?

சத்துவாச்சாரி சர்வீஸ்:
கிடைக்கும். காலர் மைக்குக்குப் போடும் பஞ்சு உறையில் சிறிய அளவு அதற்குப் பொருந்தும். வாங்கி வைக்கிறேன், இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் வாயோரமாக ஒரு விரல்கடை தள்ளி வையுங்கள்.